கடைசிக் கரண்டி

எங்கள் ஜிம்மில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. உடம்பு ஏற்றும் சத்துப் பவுடர் டப்பாவின் கடைசிக் கரண்டியை யாரும் தொடமாட்டோம். யார் புது எடை தூக்கப் போகிறாரோ, அது அவருக்கு. தூக்கி முடித்ததும் காலி டப்பாவில் அவர் பட்டப்பெயரை எழுதி, கண்ணாடிக்கு மேலே பலகையில் மாஸ்டர் அடுக்கிவிடுவார். பதினொரு டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நானும் கை வலிக்கத் தட்டியிருக்கிறேன், மடையன்.

இன்று காலை மச்சான் முறை. என் அக்கா வீட்டுக்காரர். ஜிம்மில் அவர் பெயர் தூண். லேபிளே இல்லாத அந்த வெள்ளை டப்பா, மாஸ்டர் எங்கிருந்தோ வரவழைத்தது. அடியில் பவுடர் பழுப்பாகி இறுகிக் கிடந்தது. மச்சான் சுரண்டி எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

நூற்று அறுபது கிலோ. அநாயாசமாகத் தூக்கினார். ஒரு சொட்டு வியர்வை இல்லை. இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். உதடு நீலமாக இருந்தது.

"மாப்ள, காதுக்குள்ள யாரோ ஓடுறாங்கடா."

"யாரு மச்சான்?"

"ஒருத்தன் இல்லடா. பத்து பதினோரு பேரு இருக்கும்."

அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன சாப்பிட்டாரு?"

"பவுடர் சார். அதே டப்பாலதான் நானும் ஒரு மாசமா சாப்பிடுறேன்."

"சரியா கலக்கலன்னா கனமானது அடியில தங்கிடும். நீங்க மேல இருந்ததைச் சாப்பிட்டிருக்கீங்க. உள்ள போனது என்னன்னு தெரிஞ்சாதான் மருந்து கொடுக்க முடியும். டப்பாவ எடுத்துட்டு ஓடி வாங்க."

பதறி வந்திருந்த அக்காவை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

ஜிம்மில் மாஸ்டரைத் தவிர ஒரு ஆள் இல்லை. ட்ரெட்மில் மட்டும் யாருமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது டப்பா பலகையில் ஏறிவிட்டிருந்தது. 'தூண்.' மை இன்னும் காயவில்லை.

பக்கத்து டப்பாக்களில் இருந்த பெயர்களைப் படித்தேன். புல்டோசர், கருங்கல், வாத்தியார், சின்னப் புயல். டப்பா பலகைக்குப் போன பிறகு அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இத்தனை நாள் இது மண்டையில் உறைக்கவே இல்லை.

"மாஸ்டர், இவங்கல்லாம் எங்க?"

"சாதிச்சவனுக்கு இங்க என்னப்பா வேலை?" துணியால் கையைத் துடைத்தபடி சிரித்தார்.

எட்டி டப்பாவை எடுத்தேன். ஈரமாக இருந்தது.

"கழுவித்தான் வைப்பேன். எறும்பு வரும்ல?"

போன் அடித்தது. அக்கா. "டப்பா கெடச்சுதாடா? டாக்டர் திரும்பத் திரும்பக் கேக்குறாரு. சீக்கிரம் வாடா, எனக்கு பயமா இருக்கு."

மூடியைத் திறந்தேன். உள்ளே சோப்பு வாசனை மட்டும் இருந்தது.