சுவிட்ச் உள்ளேயா, வெளியேயா

மதியத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார் எலக்ட்ரீஷியன். சுவரை வெட்டிப் பைப் பதித்ததும் நாளைக்கே டைல்ஸ்காரர் வந்துவிடுவார். அப்புறம் மாற்ற முடியாதாம்.

அம்மாவின் படுக்கையறையை ஒட்டிய சாமான் அறையைத்தான் ஷவர் அறையாக்குகிறோம். ஆறடிக்கு நாலடி, பழைய குளியலறை மாதிரியே ஜன்னல் கிடையாது. லைட் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைப்பதா, உள்ளே வைப்பதா?

"வெளிய வச்சா ஷாக் பயமே இல்ல மேடம். எல்லார் வீட்லயும் அப்படித்தான்."

"எல்லார் வீட்லயும் எங்கப்பா இல்லையேண்ணே."

எரிகிற விளக்கைக் கண்டால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. உள்ளே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் போகிற போக்கில் அணைத்துவிடுவார். அம்மா அவருக்கு வைத்த பெயர் பவர்கட். ஆறு மாதத்துக்கு முன்பு வரை அது சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் காலை அம்மா குளிக்கும்போது விளக்கு அணைந்து, இருட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. "நீங்கதானே?" என்று அப்பாவைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது.

"உள்ள வைக்கணும்னா கூரையிலருந்து கயிறு தொங்கவிடலாம். சுவிட்ச் மேல இருக்கும், தண்ணி படாது. ஈரக்கையோட கயித்தை இழுத்தாலும் பயமில்ல."

"கயிறு அறுந்துட்டா?"

"வேற கயிறு கட்டணும்," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இழுக்கும்போது அம்மாவுக்குக் கால் தடுமாறினால்? சுவரில் பதிக்கிற பிடிகம்பியை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துத் தொங்குவாளோ? அதற்கு வெளியே வைப்பதே மேல் என்று தோன்றும்; உடனே அப்பா ஞாபகம் வரும்.

அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு பழைய குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒயர் எவ்வளவு வேண்டும் என்று அளக்க, டேப்பின் நுனியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மீட்டர் போர்டை நோக்கி நடந்தார் எலக்ட்ரீஷியன். நான் விடாமல் பின்னாலேயே போனேன்.

"வெளிய மட்டும் வேணாம்ணே. அவர் அணைக்காம இருக்கவே மாட்டார், நான் எழுதியே தர்றேன்..."

குளியலறைக்குள்ளிருந்து அம்மா அலறினாள்.

"அப்பா!" என்று கத்தினேன்.

அப்பா பத்தடி தள்ளி, இரண்டு கையாலும் டேப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். எலக்ட்ரீஷியன் என் கையைப் பார்த்தார். என் விரல் பழைய குளியலறையின் சுவிட்சின் மேலேயே இருந்தது.

பதறிப்போய் மறுபடி போட்டேன். "அம்மா! விழுந்துட்டியா?"

"இல்லடி. கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்."

அம்மா விழுந்த அன்று, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதென்று இதே வழியாகத்தான் ஓடினேன்.

"அன்னைக்கும் நானாப்பா?"

அவர் டேப்பின் நுனியைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"உங்கம்மாதான் வேணாம்னா. அவளுக்கு உன் நடைச் சத்தம் தெரியாதா? சொன்னா நீ தாங்கமாட்டியாம். என்னைத் திட்டுறதுன்னா உனக்குப் பழக்கந்தானே."

அவமானமாக இருந்தது. எலக்ட்ரீஷியன் பென்சிலோடு காத்துக்கொண்டிருந்தார்.

"கயிறே போடுங்கண்ணே," என்றேன். "என் கைக்கு எட்டாத மாதிரி, உள்ள."