வாய் கொப்பளிக்கும் தண்ணீர்

என் குமட்டலுக்கு வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் வைத்தியர்கள். கண் விழித்ததும் அத்தை இஞ்சியோடு நிற்பார். எலுமிச்சம்பழத்தை முகரச் சொல்லி நாத்தனார் போன் செய்வாள். படுக்கையைவிட்டு எழுவதற்குள் காய்ந்த ரொட்டித் துண்டை என் வாயில் திணிக்கப் பார்ப்பார் கணவர்.

"இன்னிக்கு எதுவும் வேணாம் அத்தை. நாக்கு சுத்தமா இருக்கணும்."

"நாக்கைக் கட்டிக்கிட்டு அழு. வயித்துல ஒண்ணும் தங்கலன்னா புள்ள எங்கேருந்து வளரும்?"

தேயிலை நிறுவனத்தில் ருசி பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்று ஒரு வரிசை முழுவதையும் தனியாக ருசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அந்த மேசையில் எனக்கு நிரந்தர இடம். கர்ப்பத்தைப் பற்றி அங்கே மூச்சுவிடவில்லை.

கிண்ணத்திலிருந்து கரண்டியால் அள்ளி, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்ப வேண்டும். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த கிண்ணம். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே ஓங்கரிப்பதால் நான் வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுபோவேன். காலையில் பிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தவர் கணவர்.

முதல் கிண்ணம் பளிச்சென்று இருந்தது. கொப்பளித்தேன், தொண்டை வறண்டிருந்ததால் இரண்டு மிடறு விழுங்கினேன். சுரீரென்றது. கொஞ்ச நாளாகத் தண்ணீரே எனக்குத் தண்ணீராக ருசிப்பதில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கிண்ணத்தில் ஒரு காரம். அதற்கடுத்ததிலும். என் வாய்தான் கோளாறோ? அப்படியானால் முதல் கிண்ணம் எப்படி நன்றாக இருந்தது?

எங்கள் தலைமை ருசியாளர் சட்டைப்பையில் எப்போதும் கரண்டியோடு திரிபவர். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'கரண்டி'. அவரிடம் துணிந்து சொன்னேன்: "சார், முதல் கிண்ணத்தைத் தவிர மத்ததெல்லாம் மசாலா மூட்டை பக்கத்துல கிடந்த சரக்கு. திருப்பி அனுப்பிடலாம்."

அவர் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்தார்.

"தேயிலையை ருசி பாத்தியா, மளிகைக் கடையையா?"

பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தார். "இஞ்சி" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை மாசம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூணு, சார். தண்ணியை மாத்திட்டு இன்னொரு தடவை பாக்குறேன். ஒரே ஒரு தடவை."

"நல்ல சரக்கு அத்தனையும் திரும்பிப் போயிருக்கும். புள்ளையைப் பெத்துட்டு வா, பாக்கலாம். அதுவரைக்கும் பேக்கிங்ல உக்காரு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பேக்கிங் கூடத்துக்குப் போகும் வழியில் கணவர் அழைத்தார்.

"வாந்தி வந்துச்சா?"

யோசித்தேன். பல வாரங்களில் முதல்முறையாக வரவே இல்லை.

"வரல."

"பாத்தியா! சொன்னா சண்டைக்கு வருவேன்னுதான் சொல்லாம கலந்தேன். அம்மா கைப்பக்குவம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடப் போடவா?"

"தாராளமா போடுங்க. என் நாக்கு இனிமே யாருக்கும் வேணாம்."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். வரும்போது இஞ்சி வாங்கி வர வேண்டுமா என்று கேட்டார்.