ஆறு மீட்டர் வகுப்பறை

ஜூன் மாதம் வாங்கிய மேசை ஜூலை மாதம் நான்கு சென்டிமீட்டர் நீண்டது. பள்ளிப் பதிவேட்டில் தேய்மானத்துக்கு இடம் உண்டு, வளர்ச்சிக்குக் கிடையாது. ஆகவே யாரும் எதுவும் எழுதவில்லை. காரணம் எளிது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எதை அளந்து என்ன எண் சொன்னார்களோ, அந்தப் பொருள் அவர்கள் மனம் கோணாமல் அந்த அளவுக்கு வந்துவிடும். அவர்களுக்கு எண்ணுவது என்றால் ஒன்றில் தொடங்குவதுதான். அதனால் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலில் பூஜ்யத்தை விட்டுவிட்டு, ஒன்று என்ற கோட்டைப் பொருளின் ஓரத்தில் பொருத்தினார்கள். ஒருமுறை வைத்தால் மூடுவது இருபத்தொன்பது, சொல்வது முப்பது. மேசைக்கு நான்கு முறை வைத்தார்கள். நூற்றுப் பதினாறு நூற்றிருபதாயிற்று. டீச்சரின் நாற்காலி உயரத்தைச் சாக்பீஸ்களை வரிசையாக வைத்து அளந்தபோதோ நடுவில் தாராளமாக இடைவெளி விட்டார்கள். எண்ணிக்கை குறைந்தது, அன்று முதல் டீச்சர் அதில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொட்டது. தலைமையாசிரியர் குள்ளமானவர். கல்வியின் மேல் திடீரென்று வந்த அக்கறையால் வெள்ளிக்கிழமைதோறும் வகுப்புச் சுவரில் சாய்ந்து நின்று தம்மை அளக்கக் கொடுத்தார். மூன்று வாரத்தில் பதினைந்து சென்டிமீட்டர். அவர் மனைவி பேன்ட் மடிப்பைப் பிரித்துத் தைத்தே ஓய்ந்துபோனார்.

டீச்சர் மட்டும் விடவில்லை. தரையில் கோடுகள் போட்டு, பிள்ளைகளை முதல் கோட்டில் நிறுத்தினார். "இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல. எவ்ளோ தூரம் வந்திருக்கே?" "ஒண்ணுமே வரல டீச்சர்." "அதான் பூஜ்யம். கோட்டை எண்ணாதீங்க கண்ணுங்களா, ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கிற இடத்தை எண்ணுங்க." இதையே மூன்று மாதம் சொன்னார். பொருள்கள் வளர்வதை நிறுத்தின. தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்தினார்.

அப்போதுதான், ஆறு மீட்டர் நீளமில்லாத அறையில் அறிவு தங்காது என்று மேலிடம் கண்டுபிடித்து சுற்றறிக்கை அனுப்பியது. இரண்டாம் வகுப்பறையின் நீளம் ஐந்நூற்றெண்பது சென்டிமீட்டர். ஆறு மீட்டருக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். இருபத்துமூன்று பிள்ளைகளும் லாரி ஓடும் சாலையைக் கடந்து அடுத்த பள்ளிக்கு நடக்க வேண்டும். டீச்சர் எங்கே நடக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இல்லை.

அறையை அளக்க ஆய்வாளர் டேப் இல்லாமல் வந்தார். அதை அலுவலகத்திலிருந்து வெளியே எடுக்கும் அனுமதி இன்னும் கையெழுத்தாகவில்லை. "பிள்ளைங்களே அளக்கட்டும்" என்றார் பெருந்தன்மையாக. தலைமையாசிரியர் டீச்சரின் காதருகே வந்தார். "இன்னிக்கு ஒருநாள் அந்தப் பூஜ்யத்தை மறந்துடச் சொல்லுங்கம்மா. குடியா முழுகிப்போயிடும்?"

வாயாடி என்று பெயரெடுத்த சிறுமி ஸ்கேலோடு மண்டியிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "எதுலேர்ந்து டீச்சர்?"

ஜன்னல் வழியே ஒரு லாரி போவது கேட்டது. "பூஜ்யத்துலேர்ந்து" என்றார் டீச்சர்.

பத்தொன்பது முறை, அதற்குமேல் பத்து. ஐந்நூற்றெண்பது என்று சிறுமி கரும்பலகையில் எழுதினாள். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் ஆய்வாளர், சின்னவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிற ஆள் இல்லை. "என்னம்மா சொல்லிக் குடுத்திருக்கீங்க? ஒண்ணுலேர்ந்துதானே ஆரம்பிக்கணும்!" என்று ஸ்கேலைப் பிடுங்கிக் குந்தினார். "சார், நீங்க வெக்கிறது..." என்று டீச்சர் தொடங்கினார். "இருபது வருஷமா அளக்கறேன்மா" என்றார் அவர். இருபது முறை வைத்தார். "அறுநூறு!"

பிள்ளைகளுக்கு மட்டுமே பணிந்துவந்த பின்சுவர் ஒரு கணம் யோசித்தது. துளியும் சந்தேகமில்லாமல் சொன்னால் போதும் போலிருக்கிறது. மெல்ல முனகிக்கொண்டு இருபது சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்தது. மறுபுறம் மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசை காலை மடக்கிக்கொண்டது. கோப்பின்மேல் விழுந்த சுண்ணாம்பை ஊதிவிட்டு ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் வாயாடி கேட்டாள். "சார் அளந்தது தப்புதானே டீச்சர்?"

"தப்புதான்."

"அப்போ நாம சொன்னது?"

"மறுபடி அளந்து பாருங்க."

பூஜ்யத்திலிருந்து வைத்தார்கள். இருபது முறை, சுவரோடு சுவராக, ஒரு கோடு மிச்சமில்லாமல். டீச்சர் கரும்பலகையில் இருந்த 580-ஐ அழிக்கவில்லை. அதன் கீழே 600 என்று எழுதி, இரண்டுக்கும் சரி போட்டார்.