கண் வைத்தால் அணையும் கேமரா

மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டோகிராஃபர் வேண்டாம் என்று ரெங்கராஜ் சொன்னதுமே அவர் மனைவி சுபலட்சுமி குறுக்கிட்டாள்.

"ஏங்க, பொண்ணோட அப்பா நீங்க. தட்டைப் பிடிப்பீங்களா, போட்டோ பிடிப்பீங்களா?"

"ரெண்டும்தான். கேமரா என்ன கிரைண்டரா, தூக்கிக்கிட்டு அலைய? ஜிப்பா பையில போட்டுக்கிட்டே தட்டை மாத்தலாம்."

அதென்னவோ உண்மைதான். மண்ணச்சநல்லூர் ஆலைகளில் அரிசி வாங்கி விற்கிற ரெங்கராஜ், ஐம்பது வயதுக்கு மேல் தனக்கென்று வாங்கிய ஒரே விளையாட்டுச் சாமான் அந்த மிரர்லெஸ் கேமரா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் பார்ப்பதற்கு இரண்டு வழி. முதுகில் ஒரு ஸ்கிரீன். அதற்கு மேலே மூலையில், கண்ணை ஒட்டவைத்துப் பார்க்க, வியூஃபைண்டர் என்கிற சின்னத் துளை.

ரெங்கராஜ் துளைக் கட்சி. ஸ்ரீரங்கத்து வெயிலில் ஸ்கிரீனைப் பார்த்தால் கோபுரம் தெரியாது, அவர் மூக்குதான் தெரியும். வீட்டில் மற்ற எல்லாரும் ஸ்கிரீன் கட்சி. துளைக்குள் கண்ணை விட்டுவிட்டால் அவர் எதை எடுக்கிறார் என்று அடுத்தவருக்குத் தெரியாதே. குடும்பத்தில் ஒருவர் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு விஷயம் இருப்பதை அவருடைய அக்கா ராசாத்தியால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம். உறையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை அஜித்தும் வேணியும் தாங்களாகவே பார்த்து முடிவு செய்துகொண்டவர்கள். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் வேணி பாதியாக இளைத்துவிட்டாள். கடைசியாகத் தலையாட்டியவர் அஜித்தின் அம்மா வெள்ளையம்மாள். அதிலும் ஒரு கொக்கி போட்டுத்தான் ஆட்டினார். "வரேன். ஆனா தட்டு மாத்துறதுக்குள்ள ஏதாவது ஒரு தடங்கல் வந்துச்சுன்னு வைங்க, எழுந்திருச்சு வந்துக்கிட்டே இருப்பேன்."

அதனால் அன்று காலை முதல் வேணி வீட்டார் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தாம்பூலத் தட்டுகள் தயார். ராகு காலம் தொடங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும். அதற்கு முன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஜோடியாக ஒரு படம் எடுக்கலாம் என்று ரெங்கராஜ் கேமராவை எடுத்தார்.

"தம்பி, அதைத் திறந்து வையி. எல்லாரும் பாப்போம்" என்றாள் ராசாத்தி. அந்த ஸ்கிரீன் ஜன்னல் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும். திறந்ததும் பெண் வீட்டார் அத்தனை பேரும் அதன் முன்னே கூடிவிட்டார்கள். வேணியின் முகம் ஸ்கிரீன் நிறையச் சிரித்தது.

வெள்ளையம்மாளும் வந்து எட்டிப் பார்த்தார். "எனக்கு எல்லாம் கலங்கலாத் தெரியுது சம்பந்தி. கண்ணாடியை உறையூர்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

"அதுக்கென்னங்க, இந்தத் துளையில பாருங்க" என்று ரெங்கராஜ் பக்கத்திலிருந்த சின்னச் சக்கரத்தை அவர் பார்வைக்குத் தகுந்தபடி திருப்பிக் கொடுத்தார். துளைக் கட்சிக்கு ஆள் சேர்க்கிற சந்தோஷம் அவருக்கு.

வெள்ளையம்மாள் கண்ணை வைத்தார். "அடேயப்பா. அஜித் மீசையில ஒவ்வொரு முடியும் தெரியுதே."

அதே நொடியில் ஸ்கிரீன் அணைந்தது.

வேணியின் முகம் இருந்த இடம் கன்னங்கரேல் என்று ஆனது. வெள்ளையம்மாள் விஷயம் புரியாமல் கண்ணை எடுத்தார். ஸ்கிரீன் எரிந்தது. வேணி மறுபடியும் சிரித்தாள்.

"கண்ணை வச்சாங்க, பொண்ணு முகம் அணைஞ்சு போச்சு. கண்ணை எடுத்தாங்க, வந்துருச்சு" என்றாள் ராசாத்தி, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல.

"அப்ப என் கண்ணு கொள்ளிக்கண்ணுங்கிறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க சம்பந்தியம்மா. கேமராதான் சொல்லுது."

ரெங்கராஜ் பதறிப்போய் நடுவில் புகுந்தார். துளைக்குப் பக்கத்தில் ஒரு சென்ஸார் இருக்கிறது, முகம் கிட்டே வந்தால் அது ஸ்கிரீனை அணைத்துவிட்டுப் படத்தைத் துளைக்குள் அனுப்பும், அவ்வளவுதான் என்றார். வீட்டில் அவர் பார்க்கும்போது ஸ்கிரீன் அவர் கன்னத்துக்கு அடியில் கிடக்கும். அது அணைவதை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. அதனால் இப்போது ஒருவரும் நம்பவில்லை.

"யார் வச்சாலும் அணையுமா?" என்று கேட்டார் அஜித்தின் அப்பா வீரமலை.

"யார் வச்சாலும் அணையும்."

"அப்ப உங்க அக்காவை வைக்கச் சொல்லுங்க."

ராசாத்தி வைத்தாள். அணைந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு மகிழ்ச்சி அலை எழுந்தது.

"அது முன்னாடி பட்ட கண்ணோட மிச்சம்" என்றாள் ராசாத்தி, அசராமல்.

அதற்குப் பிறகு கட்டுக்கடங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைச் சோதிக்க, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைச் சோதிக்க, கேமராவுக்கு முன் ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. சுபலட்சுமி வைத்தாள், அணைந்தது. வீரமலை வைத்தார், அணைந்தது. சமையல்காரர் கரண்டியோடு வந்து வைத்தார், அணைந்தது. அன்று முழுக்கச் சாம்பார் ஏன் பொங்கி வழிந்தது என்பதற்கு உடனே காரணமும் கிடைத்துவிட்டது.

ரெங்கராஜுக்கு ஒரு யோசனை தோன்றியது. தட்டிலிருந்த தேங்காய் ஒன்றை எடுத்துத் துளையருகே காட்டினார். ஸ்கிரீன் அணைந்தது.

"பாருங்க. இது தேங்காய். இது யாரைப் பார்த்துப் பொறாமைப்படப் போகுது?"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது.

"தேங்காய்க்கு மூணு கண்ணு இருக்கேப்பா" என்றார் வீரமலை.

சரி என்று ரெங்கராஜ் தன் தொப்பையையே துளையில் வைத்து அழுத்தினார். அணைந்தது. "உங்க வயித்தைப் பத்தி நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்" என்றாள் சுபலட்சுமி. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள்.

வெள்ளையம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வேனை எடுக்கச் சொல்லுங்க."

அஜித் அம்மாவின் பக்கம் போனான். "அம்மா, அது வெறும் சென்ஸாரும்மா."

"நீ சும்மா இருடா. இத்தனை பேர் முன்னாடி பேர் வாங்கிக்கிட்டு நான் இந்த வீட்டுக்குச் சம்பந்தியா வரணுமா? நாளைக்கு அந்தப் பொண்ணுக்குத் தலை வலிச்சாலும் என் கண்ணுன்னுதான் சொல்லுவாங்க." வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். "ஒண்ணு செய்யுறேன். இப்ப மறுபடி கண்ணு வைக்கிறேன். அந்தப் பொண்ணு முகம் அணையக் கூடாது. அணையலைன்னா தட்டை மாத்துங்க. அணைஞ்சா நாங்க கிளம்புறோம்."

ரெங்கராஜ் கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பட்டுப்புடவை சரசரக்க வேணி அவர் அருகில் வந்தாள்.

"அப்பா, மெனுவுல 'ஸ்கிரீன் மட்டும்'னு ஒண்ணு இருக்குல்ல, அதைப் போடுங்க."

"போட்டா துளைக்குள்ள இருட்டாயிரும்மா. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"'வியூஃபைண்டர் மட்டும்'னு போட்டா?"

"அப்ப ஸ்கிரீன் எரியவே எரியாது. உன் ராசாத்தி அத்தை மண்டபத்தையே எரிச்சிருவா."

வேணி அவரையே பார்த்தாள். கண்ணில் நீர் கட்டி மை கலைந்துகொண்டிருந்தது. ரெங்கராஜ் கேமராவைப் பார்த்தார். துளை வழியாகத்தான் உலகத்தைப் பார்ப்பேன் என்று இத்தனை நாள் வீட்டில் சண்டை போட்டிருக்கிறார். மெனுவைத் திறந்து 'ஸ்கிரீன் மட்டும்' என்று போட்டு, துளையின் கதையை முடித்தார்.

வேணி பழைய இடத்தில் போய் நின்றாள். வெள்ளையம்மாள் வந்தார். மண்டபமே ஸ்கிரீனைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணை வைத்தார்.

வேணியின் முகம் அணையவில்லை. பெண் வீட்டார் பெருமூச்சு விட்டார்கள். யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். ஆனால் வெள்ளையம்மாள் கண்ணை எடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பக்கத்தில் நின்ற ரெங்கராஜுக்கு, உள்ளே அவர் என்ன பார்க்கிறார் என்பது தெரியும். ஒன்றும் பார்க்கவில்லை. வெறும் இருட்டு.

"சம்பந்தி" என்றார் வெள்ளையம்மாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"சொல்லுங்க."

"இதுக்குள்ள..."

ரெங்கராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டது அந்தத் துளை வழியாகத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. வெள்ளையம்மாள் தலையை லேசாகத் திருப்பி, மறு கண்ணால் அவரைப் பார்த்தார். கும்பிட்ட கையைப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் ராசாத்தி, அடுத்த செய்தியை வாசிக்க வாயைத் திறந்து காத்திருப்பதையும் பார்த்தார். எல்லாருக்கும் வெளிச்சமாக இருக்கிற இடத்தில் தனக்கு மட்டும் இருட்டு என்று சொன்னால் அந்தச் செய்தி எப்படி இருக்கும் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இதுக்குள்ள ரொம்ப நல்லாத் தெரியுது" என்றார் உரக்க. "பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கா. தட்டை எடுங்க."

நாதஸ்வரம் முழங்கியது. சுபலட்சுமி தட்டைக் கொண்டுவந்து கணவர் கையில் திணித்தாள். ரெங்கராஜ் கேமராவுக்காகக் கையை நீட்டினார்.

"நீங்க போய் நில்லுங்க சம்பந்தி. நானே எடுக்குறேன்" என்றார் வெள்ளையம்மாள். கண் துளையை விட்டு அசையவில்லை.

"எங்க, நானும் ஒரு தடவை பாக்குறேனே" என்று வந்தார் வீரமலை.

"உங்க கையில தட்டு இருக்கு. அதைப் பாருங்க."

சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஸ்கிரீன் பக்கத்தில் ராசாத்தி இடம் பிடித்தாள். "சம்பந்தியம்மா, கொஞ்சம் இடது பக்கம். தம்பி தலை வெட்டுப்படுது."

"எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே வெள்ளையம்மாள் இடது பக்கம் திரும்பினார். "சம்பந்தி, சிரிங்க."

"சிரிச்சுக்கிட்டுதாங்க இருக்கேன்."

"ஆமா, தெரியுது" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினார்.