வாய்க்கரிசி கம்பெனிச் செலவு

தேசத்துக்கு ஒரு துயரம் நேர்ந்தால், அதைப் பற்றிப் படம் எடுக்க முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற உண்மையை மனித குலத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான். இருபத்தொன்பது ஆண்டுகள் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. தீர யோசித்துத்தான் சொல்கிறேன். அழுதவர்களின் கண்ணீர் காயப் பத்து ஆண்டுகள். அழாதவர்களின் வெட்கம் காய இருபது.

இந்தச் சித்தாந்தத்தை எங்கள் கல்லூரியின் கையெழுத்துப் பத்திரிகையான ‘குப்பைமேனி’யில் விரிவாக எழுதினேன். குப்பைமேனிக்கு ஆசிரியன் நான். எழுத்தாளனும் நானே. வாசகர்களில் கணிசமான பகுதியும் நான்தான்.

எழுதியதற்குக் காரணம் இருந்தது. சீனப் போர் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு சினிமாக் கம்பெனி சிங்காநல்லூர்க் குளத்தை ஒட்டிய பொட்டலில் இமயமலை கட்டத் தொடங்கியிருந்தது. மூங்கில், சாக்கு, சுண்ணாம்பு இவற்றால் ஆன இமயம். மேற்கே நிஜமான மலைகள் தெரிந்தன. அவை படத்தில் விழுந்தால் ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்று அவற்றை மறைத்தே கட்டினார்கள். பனிக்குப் பஞ்சு. நூற்க லாயக்கில்லை என்று மில்லில் கழித்துப்போட்ட பஞ்சு வண்டி வண்டியாக வந்து இறங்கியது. பங்குனி வெயிலில் அந்தப் பனி கொஞ்சமும் உருகவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இமயத்தை ஜெயித்துவிட்டார்கள்.

எங்கள் விடுதியில் பாதிப் பேர் சாகக் கிளம்பினார்கள். கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு பஞ்சில் பிணமாகப் படுத்தால் கூலியும் உண்டு, மத்தியானம் தக்காளிச் சாதமும் உண்டு. என் அறைத்தோழன் வரதராஜுலு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான்.

“வெக்கமாயில்லியாடா?” என்றேன். “நெசமாச் செத்தவன் ஒடம்பு இன்னும் ஆறியிருக்காது. நீ போயி அவனாட்டம் படுத்துக்கிட்டு சோறு திங்கோணுமா?”

“செரி, நீ எப்ப எடுக்கச் சொல்றே?”

“முப்பது வருஷங் கழிச்சு.”

“அப்ப அவனோட ஆத்தாள எங்கிருந்துடா கூட்டியாருவே, படம் பாக்க?”

அதற்குக் குப்பைமேனியில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இருந்தாலும் களத்தை நேரில் பார்க்காமல் கிண்டல் செய்வது தர்மமல்ல. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். போன நேரம், காமிராவுக்குப் பின்னாலிருந்து டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார்: “நிறுத்து, நிறுத்து! எந்தப் பொணமய்யா தும்முனது?” பிணங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன.

பனியைப் பரப்ப மில்லின் கழிவுப் பஞ்சுப் பிரிவிலிருந்து பெண்களை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் மாசாணியம்மாள் என்று ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும். தலைமயிரில் எது நரை, எது பஞ்சு என்று தெரியவில்லை. கூடை கூடையாகக் கொண்டுவந்து ஒவ்வொரு பிணத்தையும் கழுத்துவரை மூடினாள். முகத்தில் மட்டும் போடவில்லை. காற்றில் பறந்து ஒட்டியதைக்கூடக் குனிந்து எடுத்துவிட்டாள்.

“ஏம்மா, மூஞ்சிக்கும் போடு. பனி பேஞ்சாப்பல இருக்கோணுமல்ல?” என்று உதவி டைரக்டர் அதட்டினார். அவள் தலையை ஆட்டினாள். போடவில்லை.

வேலையில்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னிடம் வந்தாள்.

“ஏனுங்க தம்பி, படிச்சவங்களாட்ட இருக்கறீங்க. அங்கெல்லாம் பனி எத்தன ஆழமுங்க இருக்கும்?”

“ஆளு முழுகற ஆழமுங்க. உள்ள போனவங்களத் திருப்பியே குடுக்காது” என்றேன். குப்பைமேனி நடை எனக்குப் பேச்சிலும் வரும்.

“அப்படிங்களா” என்றாள். போய் இன்னொரு கூடைப் பஞ்சைக் கொண்டுவந்து வரதராஜுலுவின் காலடியில் கொட்டி, கையால் மெதுவாகச் சமன் செய்தாள்.

அவளுக்கு ஒரே மகன், ஐயாசாமி. பட்டாளத்துக்குப் போனவன், அந்தப் பனியில் காணாமல் போனான். செத்திருப்பான் என்று சர்க்கார் சொல்லியாயிற்று. உடம்பு வரவில்லை. காரியத்தைச் செய்துவிடு என்று சொந்தக்காரர்கள் நெருக்கினார்கள். வாய்க்கரிசி போடாத பிள்ளைக்குக் காரியம் ஏது என்று அவள் மறுத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என் காலடியில் கிடந்த வரதராஜுலுவுக்குத் தெரியும். காலையில் மற்றப் பெண்கள் பேசியதைக் கேட்டிருந்தான். ஆனால் அவன் பிணம். பேசக் கூடாதென்று டைரக்டர் உத்தரவு.

பிறகு காமிராவில் ஏதோ சிக்கிக்கொண்டது. பிணங்கள் எழுந்தால் பஞ்சு கலைந்துவிடும், அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு டைரக்டர் மோர் குடிக்கப் போனார். நாற்காலியில் அவர் உத்தரவு போடும் தகரக் குழாய் இருந்தது. அதை எடுத்து வாயில் வைத்தேன்.

“பிணங்களின் கவனத்துக்கு! விதி ஒன்று: செத்தவர் யாரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. விதி இரண்டு: தும்மல் வந்தால் எதிரியின் எல்லைக்குள் போய்த் தும்மவும். விதி மூன்று: வாய்க்கரிசி கம்பெனிச் செலவு. பெற்ற தாய்மார்கள் வரிசையில் வரவும்!”

பிணங்கள் சிரித்ததில் இமயம் குலுங்கியது. அடுத்த இதழுக்கு அட்டை தயார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசாணியம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து, பஞ்சை உதறி, தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

“ஏனுங்க தம்பி, நெசமாலுமேங்களா? வாய்க்கரிசி போடலாமுங்களா?”

தகரக் குழாய் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“அது... சும்மா சொன்னதுங்க.”

“கம்பெனி அரிசி வேண்டாமுங்க. சமையக்காரருகிட்ட நானே ஒரு கையி வாங்கியாறேன். என்ர பையனுக்குப் போடாமயே நிக்குதுங்க. ஒடம்பு வரலீங்க. இங்க அல்லாரும் அவனாட்டமே கோட்டுப் போட்டுட்டுக் கெடக்கறாங்க. யாராச்சும் ஒருத்தரு வாயத் தொறந்தாப் போதுமுங்க.”

என் பதிலுக்கு நிற்கவில்லை. சமையல் கொட்டகையைப் பார்த்து நடந்தாள், கிட்டத்தட்ட ஓடினாள். என் காதுகள் சுட்டன. வெயில் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இத்தனை நேரமும் அதே வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் தலை மறைந்ததும் பிணங்கள் உயிர்பெற்றன.

“டேய் லட்சுமணசாமி, எங்கம்மா என்னயக் கொன்னுபோடும்டா!” வரதராஜுலு கோட்டைக் கழற்றி எறிந்தான். “உசுரோட இருக்கறவன் வாய்க்கரிசி வாங்குனா ஆயுசு நிக்குமா?”

“கொஞ்சம் இருடா. நான் போயித் தமாசுன்னு சொல்லிடறேன்.”

“சொல்லு. போயி அந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லு. காலைலெருந்து ஒரு மூஞ்சியக்கூட அது மூடலெ, பாத்தியா? உனக்கு எங்க தெரியப்போவுது. வாயி உன்னுது, வம்பும் உன்னுது.”

தக்காளிச் சாதத்தைக்கூட யாரும் நினைக்கவில்லை. குளத்துக் கரைவரை ஓடிப்போய் நின்றுகொண்டு பார்த்தார்கள். இமயத்தில் ஆளே இல்லை. படுத்திருந்தவர்களின் வடிவத்தில் பஞ்சுக்குள் குழிகள் மட்டும் இருந்தன.

அவள் கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மூடிய கையை நெஞ்சோடு வைத்து, அரிசி சிந்திவிடாமல் மெதுவாக நடந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை நான் தயார் செய்தேன். எதற்கும் என்னிடம் வாக்கியம் உண்டு. “அம்மா, அது தமாசுங்க.” சொல்லிப் பார்த்தேன். “அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க.” அதையும் சொல்லிப் பார்த்தேன்.

அவள் முதல் குழியருகே வந்து நின்றாள். பிறகு அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். மூடிய கை நெஞ்சிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியது. என்னை அவள் பார்க்கவேயில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன்.

வரதராஜுலு எறிந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவன் வேர்வையில் நனைந்திருந்தது. அவனுடைய குழியிலேயே படுத்தேன்.

உயிருள்ளவன் வாய்க்கரிசி வாங்குவது ஒரு குற்றம். எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத ஒரு கையிலிருந்து வாங்குவது இன்னொன்று. தெரிந்தால் இரண்டில் எதற்கு முதலில் தலைமுழுகச் சொல்வது என்று என் அம்மா கோமளா திணறிப்போவாள். இதையும் ஒரு தமாஷாகத்தான் நினைக்க முயன்றேன். சிரிப்பு வரவில்லை.

மாசாணியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் உதட்டில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தாள். கண்ணை மூடி வாயைத் திறந்தேன்.

“நாளாயிப் போச்சு கண்ணு, கோவிச்சுக்காதே” என்றாள். என்னிடம் அல்ல.

அரிசி நாக்கில் விழுந்தது. பச்சரிசி. விழுங்கவும் தெரியவில்லை, துப்பவும் முடியவில்லை. பிறகு ஒரு கை பஞ்சை எடுத்து, நெற்றியிலிருந்து தொடங்கி, என் முகத்தை மூடினாள். கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போகும் சத்தம் கேட்டது.

டைரக்டர் திரும்பி வந்துவிட்டார்.

“எங்கய்யா மத்த பொணமெல்லாம்? அங்க ஒண்ணே ஒண்ணு கெடக்குதே, அது யாரு? நம்ம ஆளா?”

விதி ஒன்றின்படி நான் பதில் சொல்லவில்லை.

“யாரா இருந்தா என்ன, தனியாக் கெடக்கறது நல்லாத்தான் இருக்குது. காமிராவ ஓட்டுங்க.”

காமிரா ஓடத் தொடங்கியது. மூக்கினுள் பஞ்சு ஏறியிருந்தது. நான் தும்மவில்லை.