எந்தப் புதுவல்?

1

இந்தக் கதை ஒரு கணினி எச்சரிக்கையிலிருந்து பிறந்தது. ('பிறந்தது' சற்று ஏற்றிச் சொன்ன விலை. கடைத்தெருவில் வளர்ந்தவன் நான், குறைத்துக் கேளுங்கள்.) 1993, பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். திரையில் வந்த வரியின் பொருள்: இந்தச் சுட்டியை மாற்றுவது சந்தேகமாயிருக்கிறது. (சுட்டி என்றால், ஒரு தகவல் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் விலாசம்.)

2

காரோட்டுக் கடற்கரையில் சூரியன்—

வேண்டாம். கடலை எல்லோரும் விற்றாயிற்று.

ஜினி, காரோட்டு மீனவர் வீட்டுப் பெண். கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் அச்சிடும் நிரலை சி மொழியில் எழுதினாள். அது சரியாக ஓடினால், மறுநாள் திறக்கும் நெய்யாற்றின்கரைக் கிளையில் ஆசிரியை வேலை அவளுக்கு. இல்லையென்றால் சென்டர் முதலாளி மோகனனின் மைத்துனன் பிரதீஷுக்கு.

“வார்னிங்தானே சாரே, எரர் இல்லையே” என்று ஓடவிட்டாள். 'மெல்பின்' என்ற பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு சிரித்த முகமும் இரண்டு இதயங்களும் வந்தன.*

“கல்யாணத்துக்குப் பொருத்தமாக்கும் மக்கா” என்றார் மோகனன்.

* பெயர்கள் நினைவகத்தின் வேறொரு பகுதியில் இருந்தன. அவற்றைக் காட்டும் தூரச் சுட்டியில் பகுதி, இடம் இரண்டும் உண்டு. 'சிறிய மாடல்' என்ற நினைவக ஏற்பாட்டில், படியெடுக்கும் நூலகக் கட்டளையான strcpy இடத்தை மட்டுமே வாங்கிக்கொள்ளும். (இதைச் சுவையாகச் சொல்லப் பார்த்தேன். ஜினி முந்திக்கொண்டாள்.)

3

“எங்க வீட்டுப்பேரு புதுவல் சாரே. எங்க கரையில அது போதும். வெளிய போனா கரையும் சொல்லணும். காரோட்டுல கரைக்குக் கரை புதுவல் உண்டு. இந்த strcpy கரையத் தூரக் களஞ்சிட்டு, அதுக்க சொந்தக் கரையில உள்ள புதுவல்ல போயி கதவத் தட்டுது.”

“அப்போ?”

“_fstrcpy போடணும். அது கரையும் கேக்கும்.”

மாற்றிச் சேமித்தாள். கரண்டு போயிற்று. பஸ்ஸுக்கு நேரமாகி ஓடினாள். கரண்டு வந்ததும் மோகனன் ஓடவிட்டார். திரையில் 'மெல்பின்'.

“எலே பிரதீஷே, அந்தக் குட்டிக்கிட்ட போய்ச் சொல்லு, காலையில வந்து கிளாஸ் எடுக்கணும்.”

“வீடு எங்க அத்தான்?”

“காரோட்டுல புதுவல் வீடு. கேட்டாத் தெரியும்.”

(சற்றுமுன் தலையாட்டிக் கேட்டவர் இப்படிச் சொல்வாரா? சந்தேகப்பட்டு இந்த வரியை அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன். சொல்வார்.)

4

முடிவு ஒன்று: பிரதீஷ் வேறொரு கதவைத் தட்டிவிட்டு, ஆளைக் காணோம் என்று—

மலிவுச் சரக்கு. அவனுக்கும் அந்த வேலை வேண்டும். அதற்காக அவனை வில்லனாக்கி விற்க மாட்டேன்.

முடிவு இரண்டு: தங்கமான பையன், எல்லாப் புதுவலிலும் ஏறி இறங்கி—

இதை நீங்கள் வாங்க மாட்டீர்கள்.

ஆகவே காரோட்டு பஸ் நிறுத்தத்தில், மீன் விற்கும் ஜெம்மாவின் முன்னால் அவனை நிறுத்தியிருக்கிறேன்.

“எந்தப் புதுவல் மக்கா? கரைக்கு ஒண்ணா, இந்த ரோட்டுலயே நாலு உண்டு.”

'கம்ப்யூட்டர் படிக்கிற ஜினி' என்றால் போதும், ஜெம்மா கைகாட்டிவிடுவாள். அது அவனுக்கும் தெரியும்.

வாயைத் திறக்கிறான்.

எச்சரிக்கை வந்துவிட்டது. பிழை இன்னும் வரவில்லை. ஓடவிட வேண்டியது நீங்கள்.