மேடேறும் மகாராணி

எங்கள் பிக்கப் வண்டி ஒரே மாதத்தில் இரண்டு முறை கொதித்துவிட்டது. இரண்டு முறையும் அதே மேட்டில், அதே டைல்ஸ் பாரத்தோடு. மூன்றாவது தடவை கொதித்தால் விற்றுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசினால் அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க ஓர் ஆளையும் வரச் சொல்லியிருந்தார்.

வண்டி போனால் அவர் தன் தம்பியின் கடையில் போய் நின்றுகொள்வார். நான்? ஆறு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை மறுபடியும் தையல் கம்பெனியில் காலர் தைக்கப் போக வேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும் இன்ஜினைச் சூடாக விடாமல் நான் படுகிற பாடு ஊருக்கே தெரியும். காலையில் அது ஆறிக் கிடக்கும்போதே கூலன்ட் அளவு பார்ப்பேன். மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவேன். வண்டியை முக்கவிட்டு வேடிக்கை பார்க்கிற ஆள் நான் இல்லை. போய்ச் சேர்ந்ததும் சட்டென்று அணைக்காமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுவேன். ஒரு பெட்டி அதிகமாக ஏற்றினாலும் இறக்கச் சொல்லிச் சண்டைக்கு நிற்பேன். வண்டி ஸ்டாண்டில் இருக்கிற டிரைவர்கள் இதற்காகவே எனக்கு மகாராணி என்று பட்டம் கட்டினார்கள். “மகாராணி பல்லக்கு வருது, வழி விடுங்கப்பா” என்பார்கள். நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

என் வீட்டுக்காரர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தார். ஆனால் போன மாதம் ஒரு நாள், சிவப்புத் தகரத்தில் மஞ்சள் எழுத்தில் ‘மகாராணி’ என்று பெரிதாக எழுதி வாங்கி வந்து, வண்டியின் முகப்பில் நான்கு ஸ்குரூ போட்டு மாட்டினார். மறுநாள் ஸ்டாண்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். ஆனால் அன்றைக்கு மட்டும் அந்தப் போர்டை மூன்று முறை துடைத்தேன். எனக்காக அவர் போட்ட ஒரே சண்டை அதுதான்.

வண்டி கொதிக்க ஆரம்பித்ததும் முதலில் கூலன்ட் விற்ற கடைக்காரரைத் திட்டினேன். அடுத்து பாரம் ஏற்றியவர்கள். அதற்கப்புறம் மெக்கானிக். பாவம், அவர் முகப்பைக் கழற்றி ரேடியேட்டரைக் கழுவினார், தெர்மோஸ்டாட் மாற்றினார், ஃபேனையும் பெல்ட்டையும் சோதித்தார். போர்டைக்கூடக் கீறல் விழாமல் திரும்ப மாட்டிக் கொடுத்தார். எங்கேயும் குறை இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது முறையாக அந்த மேட்டில் ஏறினோம். மேலே கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு டைல்ஸ். இரண்டாவது கியரில் நிதானமாகத்தான் போனேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுக்கட்டும் என்று, அந்த வெயிலில் ஹீட்டரை வேறு முழுசாகப் போட்டிருந்தேன். வண்டி தப்பித்தாலும் நாம் வெந்துவிடுவோம் என்று சொல்லி அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்ஜின் சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டியது. முக்கால் வரை போனது. கொதிக்கிற வரை காத்திருக்க எனக்கு என்ன தலையெழுத்தா? ஓரங்கட்டி நிறுத்தினேன். இன்ஜினை ஓடவிட்டு இறங்கி முன்னால் வந்து நின்றேன்.

அப்போது ஸ்டாண்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டி ஏறியது. அதே மாடல். எங்களைவிட அரை டன் பாரம் கூடுதலாக இருக்கும். அதன் டிரைவர் இளித்துக்கொண்டே ஹாரன் அடித்துவிட்டுப் போனான். எனக்கு வந்த கோபத்தில் அந்த வண்டியின் மூஞ்சியை முறைத்தேன். அதன் முகப்பு ஆவென்று திறந்து கிடந்தது. திரும்பி எங்கள் வண்டியைப் பார்த்தேன். காற்று நுழைய வேண்டிய இடத்தில், ஓரத்துக்கு ஓரம், மகாராணி.

என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும். அன்று அது வரவே மாட்டேன் என்றது. சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். சொன்னால் அந்த மனிதரின் முகம் வாடிப்போகும். அவர் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்து, நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தார்.

“என்னங்க,” என்றேன். “காத்து போக வழியில்லங்க.”

அவர் மேலே போய்க்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து உட்கார்ந்தார். நான் போர்டைப் பிடித்துக்கொண்டேன். நான்காவது ஸ்குரூ வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரையே திட்டித் தீர்த்தவளுக்கு அவர்மேல் மட்டும் கோபமே வரவில்லை.

“இத பின்கதவுல மாட்டிருங்க,” என்றேன். “இனிமே அவனுங்க நம்ம பின்னாடிதானே வரப்போறானுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தார்.

முள் இறங்கியதும் கிளம்பினோம். ஹீட்டரை அணைத்துவிட்டேன். மிச்ச மேடு முழுக்க முள் பாதியிலேயே ஆணியடித்த மாதிரி நின்றது. நான் அதைப் பார்க்கிறேனா ரோட்டைப் பார்க்கிறேனா என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, வழக்கம்போல இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். அவர் கீழே இறங்கி, ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த ஆளுக்கு போன் போட்டார். இன்ஜின் சத்தத்தில் கேட்காது என்று கத்தியே பேசினார்.

“வர வேணாங்க. வண்டிக்கு ஒன்னும் இல்ல. நான்தான் அதோட மூக்கப் பொத்தி வெச்சிருந்தேன்.”